ஐந்தாவது வால்வு

அன்பு ரெமி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஐரீனின் படத்தை மேசைமேல் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்தேன். கேமராவுக்காகச் சிரிக்காமல், படம் எடுப்பவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பவள்போல் நிற்கிறாள். இருபத்தைந்து வருடமாகப் பெண்பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள் நான். மணி அடித்த பிறகும் எழுந்து ஒரு கேள்வி கேட்கும் பிள்ளை இப்படித்தான் நிற்கும். எனக்குப் பிடித்துவிட்டது. அவளிடம் சொல்.

கல்யாணம் பம்பாயிலேயே, அவள் வீட்டார் கோவிலில், ஈஸ்டர் கழிந்து என்று எழுதியிருந்தாய். கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கி, “அம்மா, நீ மட்டும் வந்தால் போதும். பப்பாவுக்கு இவ்வளவு தூரம் ரயிலில் வருவது சிரமம்” என்று முடித்திருந்தாய். சிரமம் என்ற அந்த ஒரு சொல்லைத் தேடி எடுக்க உனக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கோபத்தைக்கூட யாருக்கும் வலிக்காமல் சொல்லப் பார்க்கிற பிள்ளை நீ. கல்யாணத்துக்கு முன்னால் எழுதும் கடிதத்தில் தாய் மகனுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்று நீ இதைப் படித்து முடித்தபின் சொல். ஆறு வருடத்துக்கு முன் நம் வீட்டு வாசலில் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மற்றப் பாதியை நான் வைத்திருந்தேன். அதை இப்போது உனக்குத் தருகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதுகிறேன், ஐரீனுக்கும் நீ இதை வாசித்துச் சொல்லவேண்டும் என்பதால்.

நான் சாயர்புரத்துப் பெண். உன் பப்பா தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம். அவருடைய அப்பா சங்கு குளித்தவர். இவர் கப்பலில் இஞ்சினியர். அதனால்தான் நீ அவரை அவர் வீட்டு வழக்கப்படி பப்பா என்றும், என்னை என் வீட்டு வழக்கப்படி அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தாய். வருடத்தில் பத்து மாதம் அவருக்குக் கடல். மிச்ச இரண்டு மாதத்தில், பெட்டியைத் திறந்து எனக்குச் சேலையும் உனக்குச் சாக்லேட்டும் எடுத்துக் கொடுத்த கையோடு, அவர் போய் நிற்கிற இடம் அந்தக் கருப்புக் கார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய ஆங்கிலக் கார். முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றினால் கிளம்பும். அவர் இல்லாத பத்து மாதமும் துணி போர்த்திக் கிடக்கும். வந்ததும் துணியை எடுத்து, எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

ஐரீனுக்காக இதைச் சொல்கிறேன். மூடியைத் தூக்கினால் எட்டு வால்வுகள் வரிசையாக நிற்கும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வர நாலு, எரிந்த புகை வெளியே போக நாலு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன இரும்புக் கை வந்து அமுக்கித் திறக்கும். அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழை அளவு இடம் விடவேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்து அதில் பன்னிரண்டு பங்கு. பட்டறையில் பன்னிரண்டு தௌ என்பார்கள். இரும்பு சூட்டில் நீளும். நீள இடம் இல்லாவிட்டால் வால்வு சரியாக மூடாது. மூடாத சந்தில் நெருப்பு சீறி அதன் விளிம்பைத் தின்றுவிடும். இடம் கூடிப்போனால் டக் டக் என்று சத்தம் வரும், கேட்க நன்றாக இராது, அவ்வளவுதான். இடம் குறைந்தால் சத்தமே வராது. உள்ளுக்குள் எரிந்துகொண்டிருக்கும்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கைப்பிடியை மெல்லச் சுற்றி வால்வைத் திறந்து நிறுத்த ஒருவர், அளந்து திருக ஒருவர். கல்யாணமான முதல் வருடத்திலேயே சுற்றுகிற வேலை எனக்கு வந்துவிட்டது. ஒன்றாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதை அளக்கவேண்டும். இரண்டு திறந்தால் ஏழாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இதை நானே கண்டுபிடித்துச் சொன்னபோது அவர் எண்ணெய்க் கையோடு எழுந்து நின்று, “ஏளா, கப்பல்ல எனக்கு இதச் சொல்லித் தர ஆறு மாசமாச்சு” என்று சிரித்தார். ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய எஃகுத் தகட்டை அந்த இடைவெளிக்குள் விட்டு, என் கையைப் பிடித்து இழுக்கச் சொன்னார். “ஜெபப்புத்தகத்துல வச்ச படத்த உருவுத மாதிரி இருக்கணும். வழுக்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாது.” எனக்கும் அவருக்கும் அதுவரை பேச அதிகம் இருந்ததில்லை. நான் இன்னொரு சபைப் பெண், அவர் எப்போதும் ஊரில் இல்லாதவர். எங்கள் குடும்ப வாழ்க்கை அந்தக் காரின் முன்னால் குந்தி உட்கார்ந்துதான் தொடங்கியது என்று நீ யாரிடமும் சொல்லவேண்டாம். ஐரீனிடம் மட்டும் சொல்லலாம்.

நீ பாலிடெக்னிக் முடித்த வருடம் அவர் விடுப்பில் வந்த இரண்டாம் நாள் காலை, நான் சமையலறையில் இருந்தேன். உள்ளே அலாரம் கடிகாரம் அடித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், கடிகாரம் அவர் தலைக்கு ஒரு முழத்தில் துள்ளிக்கொண்டிருக்கிறது. அவர் கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்தபடி நிம்மதியாகப் படுத்திருக்கிறார். நான் கையை நீட்டி அதை நிறுத்தினேன். என் கையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒளிக்க நேரம் இல்லாமல் போய்விட்டது.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டேன்.

“ரெண்டு வருசமா. பேச்சு கேக்கு. பக்கத்துல நின்னு பேசினாக் கேக்கு. சின்னச் சத்தம்லாம் போயிட்டு. மணிச் சத்தம், குருவிச் சத்தம். எஞ்சின் ரூம்ல இருவது வருசம் நின்னா இதான்.”

டாக்டரிடம் போவோம் என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கப்பலுக்கு முன்னால் கம்பெனி உடம்புப் பரிசோதனை இருந்தது. தெரிந்தால் வேலை போகும். ஆனால் அவர் பயந்தது அதற்கு இல்லை. உன் தாத்தாவைப் பற்றி அன்றுதான் முதல்தடவை சொன்னார். “எங்கப்பா காதுல சீழ் வடிய வடிய முங்கினவரு. கடைசில ஒண்ணும் கேக்காது. தெருவுல பிள்ளையெல்லாம் செவிட்டுக் குருசு, செவிட்டுக் குருசுன்னு கத்தும். அவருக்கு என்ன தெரியும், சிரிச்சிக்கிட்டே போவாரு. நான் அவர் கையப் பிடிச்சி அதக் கேட்டுக்கிட்டே போவேன்ளா.” பிறகு, “ரெமிகிட்ட சொல்லாத” என்றார். “அவன் என்னப் பாத்துத்தான் எஞ்சின் படிச்சான்.” நான் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த நேரத்தில் அது எனக்கு அன்பாகத்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் காரைக் கிளப்பினோம். நீ பாடகர் குழுவோடு பின்னால் நின்றுவிட்டாய். அடுத்த தெருக் கஸ்பார் அண்ணாச்சி ஜன்னலில் குனிந்து, “என்ன இஞ்சினியர், காரு தையல் மிஷின் கெணக்காத் தட்டுது? கப்பலப் பாக்குதவரு வீட்டுக் காரப் பாக்கப்படாதா?” என்று சத்தமாகக் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். வேடிக்கைதான். டேப்பட் சத்தம், அந்த இரும்புக் கை வால்வைத் தட்டும் டக் டக், வந்துகொண்டிருந்தது உண்மை; அந்தத் தடவை வந்ததும் அவர் மூடியைக் கழற்றியிருக்கவில்லை. நான் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கு அது கேட்கவில்லை. கேட்காத ஒரு சத்தத்தை ஊரே கேட்டிருக்கிறது என்று அவருக்கு அந்த நிமிடத்தில் தெரிந்தது. 

மறுநாள் நீ வெளியே போனபிறகு மூடியைக் கழற்றினார். நான் கைப்பிடியில் நின்றேன். எட்டாவதில் தகட்டை விட்டு அளந்தார். குனிந்து, இரும்புக் கையை அசைத்துக் காதை வைத்துப் பார்த்தார். பிறகு தகட்டை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திருகாணியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

“தகடு வேண்டாமா?” என்றேன்.

“வேண்டாம். இனி இதுல சத்தம்னு எவனும் சொல்லப்படாது.”

“இது ரொம்ப இறுக்கம். சூடேறினா மூடாது.”

“கப்பல்ல எத்தன எஞ்சினப் பாத்திருப்பேன்? எனக்கு நீ பாடம் நடத்துதியா? சுத்துளா.”

சுற்றினேன். ரெமி, எட்டுத் தடவையும் சுற்றினேன். கைப்பிடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போயிருக்கலாம். நான் சுற்றாவிட்டால் அந்த வேலை நடந்திருக்காது. கிளப்பிப் பார்த்தபோது எஞ்சின் அவ்வளவு அமைதியாக ஓடியது. அவர் என் முகத்தைப் பார்த்தார், சத்தம் இல்லையே என்று என்னிடமிருந்து தெரிந்துகொள்ள. நான் தலையாட்டினேன்.

மூன்று வாரம் கார் ஓடியது. பிறகு நீ உன் சிநேகிதன் சேவியரின் அக்கா நிச்சயத்துக்காக அவன் அம்மாவைக் கீழவைப்பாருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார்; வாசலில் நின்று நீ திருப்பத்தில் திரும்பும்வரை பார்த்துவிட்டு, “கிளச்ச எவ்வளவு பதமா விடுதான் பாத்தியா?” என்று என்னிடம் பெருமைப்பட்டார். இதை நீ அறியமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். பிற்பகல் நாலு மணிக்கு நீ திரும்பி வந்தபோது தெரு முனையிலேயே எனக்குக் கேட்டுவிட்டது. புகைக்குழாயில் பட் பட் என்று வெடி, நாலு சிலிண்டரில் மூன்றில் மட்டும் இழுத்துக்கொண்டு வருகிற நொண்டி ஓட்டம். அவர் வாசலுக்கு வந்தார். கார் குலுங்குவதைக் கண்ணால் பார்த்தார்.

“ஏலே, என்னலே செஞ்ச?”

“ஒண்ணும் செய்யல பப்பா. வைப்பாறு தாண்டையில இழுவ கொறஞ்சுது. நிறுத்தி ஆறவிட்டுத்தான் ஓட்டிட்டு வாரேன். டேப்பட் டைட்டா இருக்கும்னு நினைக்கேன்.”

நீ சரியாகச் சொன்னாய். மூடியைத் திறக்காமலே, இருபது வயதில், நீ சரியாகச் சொன்னாய். அந்தச் சொல் அவருக்குக் கேட்டது. முகம் அப்படியே மாறியது. “ரேஸ் ஓட்டிட்டு வந்து டேப்பட்டாம் டேப்பட்!” என்றார். நீ தலையைக் குனிந்து, உன் வழக்கம்போல் தணிந்த குரலில், “நான் வேகமாப் போகல பப்பா” என்றாய். அவர் “என்ன?” என்றார். மறுபடி சொன்னாய். “என்னலே முணங்குத?” என்றார். மூன்றாவது தடவை நீ கத்தினாய். தெருவுக்கே கேட்கிற மாதிரி, “நான் வேகமாப் போகல!” என்று. “என்கிட்டயே சத்தம் போடுதியா?” என்று அவர் கை ஓங்கி அறைந்தார். சேவியரின் அம்மா காருக்குள் இருந்து இறங்கவும் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ பிறந்ததிலிருந்து அவர் உன்னைத் தொட்டு அடித்தது அதுதான் முதலும் கடைசியும்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த பாதி. அவருக்கு நீ முதலில் சொன்ன இரண்டு தடவையும் கேட்கவே இல்லை என்பது தெரியாத பாதி. மகன் தன்னை எதிர்த்துக் கூச்சல் போடுகிறான் என்றுதான் அவருக்குப் பட்டது.

பிறகு நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் ஆறு வருடமாக வகுப்பில் பார்க்கிறேன், பஸ்ஸில் பார்க்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும். கைப்பிடியைச் சுற்றியவள் நான். வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்கமாட்டாய். “உண்மையச் சொல்லு ரெமி, வேகமாத்தான போன?” என்று கேட்டேன். சும்மா இருந்திருந்தால்கூட அது பாதிப் பாவம். நான் அவரைக் காப்பாற்ற உன்னைக் கொடுத்தேன். அந்த நேரத்தில், இவன் சின்னப் பையன், நாளைக்கு மறந்துவிடுவான், அவருக்கு இது தெரிந்தால் ஒடிந்துபோவார் என்று ஒரு கணக்குப் போட்டேன். நீ காரின் பக்கம் திரும்பி, சேவியரின் அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டாய், அவர்கள் கையிலிருந்த பலகாரக் கூடையை வாங்கிக்கொண்டு அவர்களை வீடுவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாய். ஒன்பதாம் நாள் பம்பாய்க்கு என் தம்பி வீட்டுக்கு ரயிலேறிவிட்டாய்.

நீ போன வாரத்தில் காரை மீரான் காக்காவின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். காயல்பட்டினத்துக்காரர், நீ அவரிடம் ஸ்பேனர் பிடித்துப் பழகியிருக்கிறாய். அவர் எஞ்சின் தலையைப் பிரித்து ஐந்தாவது வால்வைக் கையில் எடுத்துக் காட்டினார். மூன்றாம் சிலிண்டரின் புகை வால்வு. விளிம்பில், எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு இல்லை. “ஓட்டினதுல வந்தது இல்ல இது, இஞ்சினியர்” என்றார். “டைட்டு. எட்டும் டைட்டு. யாரு வச்சா?” உன் பப்பா கடையின் சத்தத்தில் எதுவும் காதில் விழாதவர்போல் வால்வை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், “சரி, புதுசு போடுங்க” என்றார். மீரான் காக்கா என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவருக்குக் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே ஆறு வருடம் ஓடிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து பரிசோதனையில் டாக்டர் மெல்லச் சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்ல முடியாமல் அவருக்குக் கப்பல் முடிந்தது. எந்த வேலையைக் காப்பாற்ற நான் வாயை மூடினேனோ அந்த வேலை எப்படியும் போய்விட்டது. அப்போதாவது உனக்கு எழுதியிருக்கலாம். அடிமேல் அடி வேண்டாம் என்று தள்ளினேன். பிறகு இத்தனை நாள் எழுதாததை எப்படி எழுதுவது என்று தள்ளினேன். அவர் இப்போது துறைமுகத்தில் லாஞ்சுகளுக்கு எஞ்சின் பார்க்கும் கொட்டகையில் இருக்கிறார். யார் பேசினாலும் வாயைப் பார்த்தே புரிந்துகொள்கிறார், புரியாததற்குச் சும்மா தலையாட்டுகிறார். பெரிய கப்பல்காரர், யாரையும் மதிப்பதில்லை என்று ஊரில் பேச்சு. உன் பெயரை எடுக்கமாட்டார். உன் மணியார்டர் வரும் நாளில் மட்டும், “நல்லா இருக்கானாமா?” என்று கேட்பார்.

செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தை என் புத்தகங்களுக்குள் வைத்திருக்கலாம். படத்தை மட்டும் காட்டியிருக்கலாம். அது எனக்கு நன்றாகப் பழகிய வேலை. ஆனால் ஐரீனின் முகத்தைப் பார்த்தபிறகு என்னால் முடியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கடிதம் முழுவதையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன். படித்தார். கடைசிப் பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொரு தடவை படித்தார். மடித்து என்னிடம் தந்துவிட்டு, “பிள்ள லட்சணமா இருக்கு” என்றார். அடுத்த மூன்று நாளும் வழக்கம்போலக் கொட்டகைக்குப் போய்வந்தார்.

சனிக்கிழமை காலையில் காரின் துணியை எடுத்தார். மூடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நீ போனபிறகு அவர் என்னை அந்த வேலைக்குக் கூப்பிட்டதே இல்லை. யாரையாவது பட்டறையிலிருந்து வரவழைத்துக்கொள்வார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். ஒன்று திறந்தது, எட்டை அளந்தார். தகட்டோடு, ஒழுங்காக, ஒவ்வொன்றாக. நாலாவது திறந்து நின்றபோது, ஐந்தாவதில் தகட்டை விட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

“ஏளா, கிளப்புதேன். உனக்குச் சத்தம் கேக்குதான்னு சொல்லு. எனக்குக் கேக்காது.”

எனக்குக் கேக்காது என்ற அந்த வார்த்தையை அவர் இந்த வாசலில், வெளிச்சத்தில், அடுத்த வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். உடனே அடுத்ததையும் சொன்னார், நிறுத்தினால் திரும்ப வராது என்கிறவர்போல. “அன்னைக்கு அவன் ஓட்டினதுல போகல. நான் இறுக்கினதுல போனது. மீரான் சொன்னது எனக்குக் கேட்டுது. கேக்காட்டாலும் வால்வப் பாத்தாத் தெரியாதா எனக்கு? உனக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பியோன்னு வாய மூடிக்கிட்டேன்.”

நான் அவர் எதிரில் போய்க் குந்தி, என் வாய் அவருக்குத் தெரியும்படி சொன்னேன். “எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். கைப்பிடியச் சுத்தினது நான்தான?”

“தெரிஞ்சுதானா அவன்கிட்ட அப்படிக் கேட்ட?”

“தெரிஞ்சுதான் கேட்டேன்.”

 திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “ரெண்டு பேருமாச் சேந்து பிள்ளைய ஊர விட்டு அனுப்பிட்டோம்ளா” என்றார். எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கருப்பு. எழுந்து போய் நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அன்று மீதி வால்வுகளையும் பார்த்து முடிக்க வெகுநேரமாயிற்று.

உனக்கு எழுத அவரே உட்கார்ந்தார். இரண்டு இன்லேண்ட் கடிதம் கிழிந்தது. “நீ எழுது, நீ டீச்சர்” என்று பேனாவை என்னிடம் தந்துவிட்டார். நான் எழுதத் தொடங்கியதும் வந்து நின்று, “என்னக் காப்பாத்தி எழுதாத” என்றார். முடிந்தவரை அப்படி எழுதவில்லை. என்னையும் காப்பாற்றிக்கொள்ளாமல் எழுதப் பார்த்தேன். எங்கேயாவது அப்படித் தோன்றினால் அந்த இடத்தை நீ அடித்துவிட்டுப் படி.

இனி நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான், அதுவும் என் அனுபவத்துக்கு மேல் இல்லை. ஐரீன் ஒருநாள் ஏதாவது ஒன்றுக்குப் பயந்து, இதை யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் கேட்பாள். நீயும் அவளிடம் கேட்பாய். அவள் பயத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். ஆனால் அதற்கு விலையாக இன்னொருவர் வாசலில் நின்று அடி வாங்குகிறார் என்றால், அந்த வாக்கை உடனே, எல்லோர் முன்னாலும், முறித்துவிடு. அவள் கோபப்படுவாள். அந்தக் கோபம் ஒரு வாரம் இருக்கும். என்னிடம் ஆறு வருடம் இருந்ததைவிட அது நல்லது. உங்களுக்குள் சண்டை வந்தால், சத்தம் வருகிறதே என்று நீ பயப்படாதே. சத்தம் வராத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நீ மன்னிக்கவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. இருபது வயதில் உனக்கு நடந்ததை நாங்கள் திருப்பி எடுத்துவிட முடியாது. கப்பல் இஞ்சினியர் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாய். அது இன்னும் உன் அலமாரியில், நிரப்பாமல் கிடக்கிறது. நீ ஒரு மில்லில் மெஷின் பார்ப்பவனாக உன் பாட்டில் நல்லவிதமாக வளர்ந்தது உன் சாமர்த்தியம், அதில் எங்களுக்குப் பங்கில்லை. நீ முன்பு எழுதியபடியே நான் மட்டும் வரவேண்டும் என்றால், அப்படியே வருகிறேன். அவர் வருத்தப்படமாட்டேன் என்று சொல்லச் சொன்னார். வருத்தப்படுவார். இருவரும் வரலாம் என்றால் ஒரு தந்தி கொடு, ஒரு சொல் போதும். போன வருடம் தைத்த கோட்டை அவர் நேற்றே வெயிலில் போட்டுவிட்டார், நான் பார்க்காதபோது.

வருவதாக இருந்தால், ரயில் தாதரில் நிற்கும்போது கூட்டம் நெரியும் என்று தம்பி எழுதியிருக்கிறான். உன் பப்பா எனக்கு முன்னால் இறங்கி, பெட்டிகளை வாங்கி வைத்துவிட்டு, உன்னைத் தேடி எதிர்ப்பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். தூரத்திலிருந்து கூப்பிடாதே. கையை ஆட்டாதே. அவர் முன்னால் வந்து நின்றுகொள். அவர் ஒரு வார்த்தை தயார் பண்ணி வைத்திருக்கிறார். அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள், அவசரப்படுத்தாதே. பிறகு நீ என்ன சொன்னாலும் சரி, குனிந்து சொல்லாதே. முகத்தைத் தூக்கி அவரைப் பார்த்துச் சொல்.

உன் அம்மா